அப்பாவின்ர கூரையும் வீட்டுக்கார அண்ணையின்ர கூரையும்

கன நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கேல்லை. டிசர்ட்டேசன் எண்ட பேய் பிடிச்சிருந்தது. அது இறங்கி இப்பத்தான் ரெண்டு கிழமை. போன பதிவில ஒடியல் கூழ் பற்றி எழுதுறன் எண்டு சொன்னனான். அதை நம்பி மடல் போட்ட ரெண்டு பேரும் மன்னிக்கோணும். இண்டைக்குக் கரண்ட் கதை. கொஞ்சம் நீளம், கணக்கும் இருக்கு. கணக்குப் பிடிக்காத ஆக்கள் இப்பவே அடுத்த பதிவுக்கு ஓடலாம் :-)

2025 ஐப்பசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுத்தார். வழக்கமா அம்மாதான் எடுப்பா. அப்பா இடையில வந்து "சாப்பிட்டியோ" எண்டு கேட்டுட்டுப் போயிடுவார். அண்டைக்கு அவரே எடுத்து, "தம்பி, ஒரு கணக்குப் பார்த்துச் சொல்லு" எண்டார். முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தவர். காசுக்கட்டளைக் கணக்கில ஒரு சதம் பிழைச்சாலும் இரவு நித்திரை கொள்ளாத மனுசன். அவர் என்னட்டக் கணக்குக் கேக்கிறார் எண்டால் கணக்குத் தெரியாமல் இல்லை, விடை பிடிக்கேல்லை எண்டு அர்த்தம்.

விசயம் இதுதான். 2018 ஐப்பசியில எங்கட கொக்குவில் வீட்டுக் கூரையில 5 கிலோவாட் சோலர் பனல் பூட்டினவர். பாதிக் காசு பணிக்கொடையில வந்தது. மிச்சம் நாலரை லட்சம் பத்து வருச வங்கிக் கடன், தவணை மாசம் 6,450 ரூபா. யாழ்ப்பாணத்து வெய்யிலுக்கு 5 கிலோவாட் எண்டால் நாளுக்கு இருபது யூனிற் அளவில வரும், மாசம் 600. வீட்டுக்கு 200 போதும், ரெண்டு பேர்தானே. மிச்சம் 400 யூனிற் கம்பியில ஏறிப் போகும். யூனிற்றுக்கு 22 ரூபாப்படி 8,800. தவணையைக் கட்டி, மிச்சத்தில அம்மாவின்ர பிறசர்க் குளிசையும் வாங்கலாம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு அப்பா மீற்றரைப் பார்த்து சி.ஆர். கொப்பியில எழுதுவார். ஏழு வருசமா ஒரு நாளும் தவறேல்லை. (எனக்குக் கலியாணம் பேசினாலும் இவ்வளவு கவனம் எடுக்க மாட்டார்.)

அந்த ஏழு வருசம் முடிஞ்சுது. ஒப்பந்தத்தில எழுதியிருக்கிறபடி, மிச்சப் பதின்மூண்டு வருசத்துக்கும் யூனிற் 15 ரூபா 50 சதம். 400 யூனிற்றுக்கு 6,200. தவணைக்கு 250 ரூபா துண்டு விழுது.

"ஆரும் ஏமாத்தேல்லைத் தம்பி. கடதாசியில இருக்கு. நான்தான் கையெழுத்து வைச்சனான்" எண்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

போனை வைச்சுட்டு அண்ணாந்து பார்த்தன். நான் இருக்கிறது சட்டனில, ஒரு அண்ணையின்ர வீட்டு மேல்மாடிச் சின்னறையில. கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. ஆனால் என்ர தலைக்கு மேல, ஓட்டுக்கு வெளியில, 4 கிலோவாட் சோலர் பனல் இருக்கு. அண்ணை அதை 2011 கார்த்திகையில பூட்டினவர். லண்டன் வெய்யிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருசம் முழுக்கக் கூட்டினாலும் 3,500 யூனிற் வந்தால் பெரிய காரியம். அப்பாவின்ர கூரை அதை ஆறு மாசத்தில தாண்டும். ஆனால் அண்ணைக்குக் கிடைக்கிறது ஒரு யூனிற்றுக்கு எழுபது பென்ஸுக்கு மேல. அதுவும் வித்த யூனிற்றுக்கு இல்லை, உற்பத்தியான ஒவ்வொரு யூனிற்றுக்கும். அதைத் தானே பாவிச்சாலும் காசு வரும். வருசம் 2,400 பவுணுக்குக் குறையாது, வரியும் இல்லை. அதுக்கு மேல, உற்பத்தியில பாதி வெளியில போனதா ஒரு எடுகோள் வைச்சு அதுக்கும் சில்லறை குடுக்கினம். உண்மையில எவ்வளவு போச்சுதெண்டு இவர் வீட்டில அளக்கிறதே இல்லை!

ரெண்டும் சட்டப்படியான ஒப்பந்தம். ரெண்டிலயும் சொன்ன சொல் தவறேல்லை. பிறகேன் ஒருத்தருக்குக் கூரை காய்க்கிற மரமாயும், மற்றவருக்கு 250 ரூபா துண்டாயும் இருக்குது? "அது பணக்கார நாடு, இது எங்கட நாடு" எண்டு சொல்லிட்டுப் போறது லேசு. நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். வாசிக்க வாசிக்க விளங்கினது வேற. வித்தியாசம் விலையில இல்லை. அந்த விலை எதோட கட்டப்பட்டிருக்கு எண்டதில இருக்கு.

பிரிட்டனில 'ஃபீட்-இன் டாரிஃப்' எண்ட திட்டம் 2010 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ஏற்கெனவே இருக்கிற வீட்டில் 4 கிலோவாட் வரை பூட்டினால் யூனிற்றுக்கு 41.3 பென்ஸ், 25 வருசத்துக்கு. ஒவ்வொரு வருசமும் சில்லறை விலைச் சுட்டெண் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு இதுவும் ஏறும் எண்டுதான் தொடக்கத்தில எழுதினவை. இந்தக் கடைசி வசனம்தான் முழு விசயமும். பாணும் பாலும் விலை ஏறினால் அண்ணையின்ர யூனிற்றும் ஏறும். அப்பிடித்தான் 2011-ல 43.3 ஆக இருந்தது எழுபதைத் தாண்டி நிக்குது.

இவ்வளவு குடுத்தால் சனம் விடுமோ? அளவுக்கு மிஞ்சிக் கூரைகள் நிறைஞ்சுது. கூரையை இலவசமா வாடகைக்கு எடுத்துப் பனல் பூட்டி, ஃபீட்-இன் காசைத் தாங்கள் எடுத்த கொம்பனிகளும் வந்தது. 2011 ஒக்ரோபர் 31-ல் அரசாங்கம் திடீரென்று 43.3-ஐ 21 பென்ஸ் ஆக்கப் போறம் எண்டு அறிவிச்சது. டிசம்பர் 12-க்குப் பிறகு பூட்டுறவைக்கு அந்த விலைதான். இதில பகிடி என்னெண்டால், இதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கடைசித் திகதி டிசம்பர் 23. அதாவது கருத்தைக் கேட்டு முடிக்க முதலே விலை குறைஞ்சிடும். 'ஃபிரெண்ட்ஸ் ஒஃப் த எர்த்' அமைப்பும் ரெண்டு சோலர் கொம்பனிகளும் வழக்குப் போட்டினம். உயர் நீதிமன்றம் பிழை எண்டது, மேன்முறையீட்டிலயும் பிழை எண்டது, 2012 மார்ச்சில உச்ச நீதிமன்றம் கேக்கவே மாட்டன் எண்டது. அண்ணை இந்தக் கதையைச் சொல்லேக்க முகத்தில ஒரு களை வரும். அந்த நேரம் பனல் பூட்டுற ஆக்களைப் பிடிக்கிறது கலியாண மண்டபம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம்.

அதுக்குப் பிறகு முறையா, சொல்லிச் சொல்லிக் குறைச்சினம். 2012 ஓகஸ்டில 16 பென்ஸ். 2016 பெப்ரவரியில 4.39. 2019 மார்ச் 31-உடன் புதுசா வாறவைக்குக் கடையே பூட்டு. 2020 ஜனவரி 1-ல் அடுத்த திட்டம் வரும் வரைக்கும் ஒன்பது மாசம், புதுசாப் பூட்டினவர் கம்பிக்குள்ள அனுப்பின கரண்டுக்குச் சட்டப்படி ஒருத்தரும் ஒரு பென்ஸ் குடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ: ஒவ்வொரு குறைப்பும் புதுசா வாறவைக்குத்தான். பழைய ஆக்களின்ர 25 வருசத்தில கை வைக்கேல்லை.

2020-ல வந்ததுக்குப் பேர் 'ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கரண்டி'. கரண்டி எண்டவுடன அள்ளித் தருவினம் எண்டு நினைக்காதேங்கோ, உத்தரவாதம் எண்ட கரண்டி. ஒன்றரை லட்சம் வாடிக்கையாளருக்கு மேல வைச்சிருக்கிற மின் கொம்பனி ஒவ்வொண்டும் ஏதாவது ஒரு விலைக்கு வாங்கோணும். என்ன விலை? பூச்சியத்துக்கு மேல இருந்தால் போதும், அவ்வளவுதான் சட்டம். சில கொம்பனி 15 பென்ஸ் வரைக்கும் குடுத்திருக்கு, சில கொம்பனி ஐஞ்சுக்கும் கீழ. 2025-ல அதே கொம்பனிகள் ஒரு யூனிற்றை எங்களுக்கு விக்கிறது 25, 27 பென்ஸுக்கு. பக்கத்துத் தெருவில ஒரு நண்பர் 2023-ல பூட்டினார். தரச் சான்றிதழ், ஸ்மார்ட் மீற்றர், ஏற்றுமதிக்கெண்டு தனி இலக்கம் எல்லாம் எடுக்க நாலு மாசம். அந்த நாலு மாசமும் அவர் ஊருக்குத் தானதருமம் செய்தார்.

இனி ஊருக்கு வருவம்.

இலங்கையில 2010 அளவில வந்தது நெற் மீற்றரிங். (அம்மா இதைக் கேட்டுட்டு "நெல்லு அளக்கிற மீற்றரோ" எண்டவ. நெற்கதிர், நெற்பயிர் எண்டு படிச்ச ஆளுக்கு அப்பிடித்தானே வரும்.) இது எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம்தான், கைமாத்து. பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி கைமாத்தாக் குடுத்தால் ஒரு கொத்து அரிசி திரும்பி வரும். இடையில அரிசி விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? பகல் நீங்கள் குடுத்த யூனிற்றை இரவு திரும்ப எடுக்கிறியள். மிஞ்சினால் அடுத்த மாசத்துக்குப் போகும். காசு மட்டும் வராது.

2016 செப்ரெம்பரில 'சூரிய பல சங்ராமய' எண்ட பேரில அரசாங்கம் இன்னும் ரெண்டு வழியைச் சேர்த்தது. ஒண்டு நெற் அக்கவுண்டிங்: உங்கட பாவனையைக் கைமாத்துப்படி கழிச்சு, மிஞ்சின யூனிற்றுக்குக் காசு. முதல் ஏழு வருசம் 22 ரூபா, பிறகு பதின்மூண்டு வருசம் 15.50. மற்றது நெற் பிளஸ்: உற்பத்தி முழுக்க வித்திடுறது, வீட்டுப் பாவனைக்குத் தனிப் பில். அப்பா நெற் அக்கவுண்டிங் எடுத்தார். காசு வரும் எண்டால் ஆருக்குத்தான் ஆசை வராது. ஏழு வருசத்துக்குப் பிறகு ஏன் குறையுது எண்டு நான் அப்ப கேட்டதுக்கு, "அதுக்குள்ள போட்ட முதல் திரும்பி வந்திடும், பிறகு வாறதெல்லாம் லாபம்தானே" எண்டு சொன்னவர். தப்பில்லாத கணக்கு. ஒண்டைத் தவிர எல்லாத்தையும் யோசிச்ச கணக்கு.

அந்த ஒண்டு 2022-ல வந்தது. அவர் கையெழுத்து வைக்கேக்க ஒரு பவுண் 220 ரூபா அளவில. 2025-ல 400 அளவில. 2018-ல மாசம் வந்த 8,800 ரூபா நாற்பது பவுண். இப்ப வாற 6,200 ரூபா பதினைஞ்சு பவுண். 2023 பெப்ரவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு மாசம் 180 யூனிற்றுக்கு மேல பாவிச்ச வீடு மேல்படிக்கு யூனிற் 75 ரூபா கட்டினது. அந்த நேரமும் அப்பா 22 ரூபாவுக்குத்தான் குடுத்தார். இதில அநியாயமா ஆரும் ஒண்டும் செய்யேல்லை. ரூபா விழுந்தது, ஒப்பந்தம் ரூபாவில இருந்தது. ஆனால் காசு ஆசைப்படாமல் வெறும் கைமாத்து எடுத்தவருக்கு யூனிற்றுக்கு யூனிற் திரும்பி வந்தது. அவற்ற ஒரு கொத்து எப்பவும் ஒரு கொத்துத்தான். தபால் கந்தோர்க்காரருக்கு வந்த கோவம் அதில்தான். "காசு எண்டு எழுதினதை நம்பினன், யூனிற் எண்டு எழுதினதை நம்பியிருக்கோணும்" எண்டு ரெண்டு தரம் சொன்னார்.

2022 எண்டவுடன இன்னொண்டு ஞாபகம் வருது. அந்த மார்ச் கடைசியில நாளுக்குப் பதின்மூண்டு மணித்தியால மின்வெட்டு. வெளியில உச்சி வெய்யில், கூரையில 5 கிலோவாட், வீட்டுக்குள்ள விசிறி ஓடாது. ஏனெண்டால் கம்பியோட இணைஞ்ச இன்வேர்ட்டர், கம்பியில கரண்ட் இல்லையெண்டால் தானும் நிண்டிடும். கம்பி திருத்துற ஆளுக்கு ஷொக் அடிக்கக் கூடாதெண்டு அப்பிடி வைச்சிருக்கினம், சரியான ஏற்பாடுதான். ஆனால் 90-களில கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்துறது? "அப்ப சைக்கிளே பரவாயில்லை" எண்டார் அப்பா.

சரி, இதுவரைக்கும் வாசிச்ச ஆக்கள் நான் மின்சார சபைக்கு எதிரா எழுதுறன் எண்டு நினைச்சிருப்பியள். இல்லை. அவையின்ர பக்கத்திலயும் ஒரு நியாயம் இருக்கு, அதைச் சோலர் ஆக்கள் கதைக்கிறதே இல்லை.

எங்கட வளவில ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். சீசனில ஒரு கடகம் பழம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால் அவையிட்டயும் ஒரு கடகம் இருக்கும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில பழுக்கும். அப்ப ஒரு பழத்துக்கு என்ன விலை? சோலரும் அப்பிடித்தான். ஊரில இருக்கிற எல்லாக் கூரையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒண்டாப் பழுக்குது. சனத்துக்குக் கரண்ட் தேவைப்படுறது பின்னேரம் ஆறரைக்குப் பிறகு. இலங்கையில உச்ச நேரம் எண்டு கணக்கு வைக்கிறதே மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரைக்கும்தான். மத்தியானம் குடுத்த மாம்பழத்துக்கு இரவு மாம்பழம் திருப்பிக் கேக்கிறது கைமாத்தின்ர பலவீனம். அந்த இரவுப் பழத்தைக் கொம்பனி டீசல் எரிச்சு, நிலக்கரி எரிச்சுத்தான் வாங்கித் தரோணும். கம்பிக்கும் ட்ரான்ஸ்ஃபோமருக்கும் ஆன செலவு வேற. அதை ஆர் கட்டுறது? கூரையில பனல் இல்லாத ஆக்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலமை பதினொரு மணி போல நாடு முழுக்கக் கரண்ட் நிண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில ஒரு குரங்கு எண்டு மின்சக்தி அமைச்சர் சொன்னவுடன உலகம் முழுக்கப் பகிடி. சட்டனில என்ர வகுப்புப் பெடியளும் விடேல்லை, ஒரு கிழமை எனக்குக் குரங்குப் படமா அனுப்பினாங்கள். ஆனால் குரங்கு தொட்டதுக்கு முழு நாடும் ஏன் விழுந்தது எண்டதுதான் கேள்வி. இலங்கை மின்சார சபை பிறகு சொன்ன விளக்கம்: ஞாயிறு பகல், பாவனை குறைவு, சோலர் கூட. பெரிய நிலையங்களில சுத்துற இரும்புச் சில்லுகள்தான் ஒரு அடி விழுந்தால் தாங்கிப் பிடிக்கிறது. சோலர் கூடின நேரம் அப்பிடிச் சுத்துற சில்லு குறைவு, அதால தாங்கேல்லை. நாட்டுக் கூரைகள் எல்லாம் கூட்டினால் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல வந்திட்டுது, அது சின்ன விசயம் இல்லை. பகிடி விட்ட ஆக்கள் இதை வாசிக்கேல்லை.

அடுத்தது சித்திரை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்குக் கந்தோர், தொழிற்சாலை எல்லாம் பூட்டு. கரண்ட் எடுக்க ஆளில்லை. கூரையில சோலர் வைச்சிருக்கிறவை பகல் மூண்டு மணி வரைக்கும் நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை பகிரங்கமாக் கேட்டது. அப்பா செய்தியில கேட்டுட்டு ஏணி வைச்சு ஏறி நிப்பாட்டினார். ஒழுங்கைக்குள்ள வேற ஆரும் நிப்பாட்டினதாத் தெரியேல்லை. "நாடு இருண்டால் எங்கட வீடும்தானே இருளும்" எண்டது அவற்ற நியாயம். நான் அதோட சண்டை பிடிக்கேல்லை. என்ர சண்டை வேற இடத்தில. நிப்பாட்டினால் உற்பத்தி இல்லை, உற்பத்தி இல்லையெண்டால் மீற்றரில ஏறாது, மீற்றரில ஏறாததுக்கு நெற் அக்கவுண்டிங்கில காசு இல்லை. வங்கித் தவணை மட்டும் புத்தாண்டு பார்க்காது.

இந்த நாட்டில ஸ்கொட்லாந்துப் பக்கம் காத்துக் கூடி, தெற்குக்குக் கொண்டுவரக் கம்பி காணாத நாட்களில காற்றாலைகளை நிப்பாட்டச் சொல்லுவினம். நிப்பாட்டுறதுக்குக் காசு குடுப்பினம். அது எல்லாருடைய பில்லிலயும் வரும், அதைப் பற்றிப் பத்திரிகையில மாசத்துக்கு ஒருக்காச் சண்டையும் வரும். பெரிய கொம்பனி நிப்பாட்டினால் நட்டஈடு, ஓய்வுபெற்ற தபாலதிபர் நிப்பாட்டினால் நன்றி. இதுதான் எனக்கு விழுங்கேலாமல் இருக்கு. ஒரு யூனிற்றை உங்களால வாங்கேலாது எண்டால் அது உங்கட கம்பியின்ர குறை, என்ர கூரையின்ர குறை இல்லை. வாங்குறன் எண்டு இருபது வருசத்துக்கு எழுதித் தந்தனீங்கள்.

அப்ப அண்ணையின்ர ஒப்பந்தம்தான் நல்லதோ? அதுவும் இல்லை. அண்ணைக்கு வாற எழுபது பென்ஸ் வானத்திலயிருந்து வாறேல்லை. இந்த நாட்டில எல்லாருடைய கரண்ட் பில்லிலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து அறவிடுற காசு. வாடகை அறையில இருக்கிற நான் குடுக்கிறன். கவுன்சில் வீட்டில பிறீபேமென்ற் மீற்றரில பத்துப் பவுண் போட்டுப் பத்துப் பவுண் எரிக்கிற கிழவி குடுக்கிறா. கூரை இல்லாதவன் கூரை உள்ளவனுக்குக் குடுக்கிற காசு. இதை அண்ணையிட்டச் சொன்னன். "தம்பி, மத்தியானத்தில உடுப்புத் தோயும், உமக்கும் பங்கு வரும்" எண்டார். வாடகையில கரண்டும் அடக்கம் எண்டதை அவர் மறக்கேல்லை, எனக்கு ஞாபகப்படுத்தினார் :-)

2025 ஒக்ரோபர் கடைசியில பிரிட்டிஷ் அரசாங்கம் பழைய ஃபீட்-இன் ஆக்களின்ர விலையேற்றத்தை சில்லறை விலைச் சுட்டெண்ணிலயிருந்து, கொஞ்சம் மெதுவா ஏறுற நுகர்வோர் சுட்டெண்ணான சிபிஐ-க்கு மாத்தலாமோ எண்டு கருத்துக் கேட்டது. (சிபிஐ எண்டவுடன தமிழ்நாட்டு நண்பர்கள் பயப்பிட வேண்டாம்.) அண்ணை கொதிச்சுப் போனார். "எழுதித் தந்ததை மாத்துறதோ" எண்டு. சுட்டெண்ணில ஒரு சதவீதம் குறையுறதுக்கே ஒருத்தருக்கு இவ்வளவு கோவம் வருது. சுட்டெண்ணே இல்லாத ஒப்பந்தத்தில மதிப்பு பாதிக்கும் கீழ போனவர் "ஆரும் ஏமாத்தேல்லை" எண்டுறார்.

கூரை இல்லாதவனுக்கு வழியே இல்லை எண்டும் சொல்லேலாது. சட்டனிலயிருந்து ரெயின் எடுத்து கார்ஷால்ரன் தாண்டினால் ஹக்பிரிட்ஜ். அதுக்குக் கிட்ட பெட்ஸெட் எண்ட குடியிருப்பு, 2002-ல் முடிச்சது, நூறு வீடு அளவில. கூரையில கலர் கலரா சேவல் கொண்டை மாதிரிக் காத்துக் குழாய்கள் திரும்பிக்கொண்டு நிக்கும். பீபடி எண்ட வீடமைப்பு அறக்கட்டளை கட்டினது. அதில கால்வாசி வீடு குறைஞ்ச வாடகைக்கு. சோலர் பனல் தனித்தனி ஆளின்ர இல்லை, குடியிருப்பின்ர. ஃபீட்-இன் டாரிஃபுக்கு எட்டு வருசத்துக்கு முதலே போட்டது, மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏத்தலாம் எண்ட கனவோட. அங்க எல்லாமே சரிவந்தது எண்டில்லை. மரத்தூள் எரிக்கிற மின் நிலையம் ஒண்டு வைச்சு அது சரிவராமல் கைவிட்டவை. ஆனால் வாடகைக்கு இருக்கிறவனும் பனலுக்குக் கீழ இருக்கலாம் எண்டு காட்டினது.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் இந்த விளையாட்டுப் புதுசில்லை. 2012 சூரிய சக்திக் கொள்கையில வீட்டுக்கு நெட் மீட்டரிங் குடுத்து, அதுக்கு மேல முதல் ரெண்டு வருசம் யூனிட்டுக்கு ரெண்டு ரூபாய், அடுத்த ரெண்டு வருசம் ஒரு ரூபாய், பிறகு ஐம்பது காசு எண்டு ஊக்கத்தொகை அறிவிச்சினம். 2019 கொள்கையில கைமாத்தை விட்டுட்டு, வாங்கிற விலை வேற விக்கிற விலை வேற எண்டு மாத்தினம். 2021-ல ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு மறுபடி நெட் மீட்டரிங். 2024-ல மத்திய அரசின்ர சூர்ய கர் திட்டம் வந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பத்து வருசத்தில மூண்டு தரம் விதி மாறினால், இருபத்தைஞ்சு வருசம் உழைக்கிற பனலை நம்பி ஒருத்தர் எப்பிடிக் கடன் எடுக்கிறது? கலிபோர்னியாவிலயும் 2023 ஏப்ரலில புதுசா வாறவைக்கான விலையைக் கால்வாசி அளவுக்கு இறக்கினம். எல்லா இடத்திலயும் முதலில வந்தவனுக்கு விருந்து, பிறகு வந்தவனுக்குப் பந்தியில இலை இல்லை.

என்ர கருத்தைக் கேட்டால் (கேக்காட்டியும் சொல்லுவன், வலைப்பதிவு எதுக்கு இருக்கு), சின்ன வீட்டின்ர சொந்தப் பாவனை அளவுக்கு யூனிற்றுக்கு யூனிற் கைமாத்து இருக்கட்டும். அதுக்கு மேல மிஞ்சிறதுக்கு ரூபாவில ஒரு எண்ணை எழுதி இருபது வருசத்துக்குப் பூட்டி வைக்கக் கூடாது. சபை எனக்கு விக்கிற விலையின்ர பாதி எண்டோ, மூண்டில ஒண்டு எண்டோ ஒரு பங்கா எழுதோணும். கட்டணம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அப்ப கூரை உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வள்ளத்தில. மத்தியான விலை குறைவாயும் இரவு விலை கூடவும் இருக்கட்டும், மாம்பழக் கணக்கு எனக்கும் விளங்குது. பற்றரி வைச்சு உச்ச நேரத்தில குடுக்கிறவைக்குக் கூடின விலை எண்டு இலங்கையில 2025-ல அறிவிச்சதும் அந்த வழிதான், வரவேற்கிறன். ஆனால் 67 வயதில இன்னொரு கடன் எடுத்துப் பற்றரி வாங்கெண்டு அப்பாவிட்ட நான் சொல்ல மாட்டன். நிப்பாட்டச் சொல்லிக் கேட்டால் நிப்பாட்டின மணித்தியாலத்துக்கு, போன கிழமை அதே நேரம் மீற்றரில ஏறின கணக்கைப் பார்த்துக் காசு குடுக்கோணும். அதைச் செய்ய மந்திரம் தேவையில்லை, மீற்றர் போதும். மீற்றர் காணாட்டிக் கொக்குவிலில ஒரு சி.ஆர். கொப்பி இருக்கு.

அடுத்த ஞாயிறு நான் போன் எடுத்தன். மாசம் 250 ரூபாவை நான் அனுப்புறன் எண்டு சொல்ல நினைச்சன், அது அவருக்கு எப்பிடிப் படும் எண்டு தெரியும், அதால சொல்லேல்லை. "அப்பா, மத்தியானம் தண்ணி மோட்டரைப் போடுங்கோ, இரவில போடாதேங்கோ" எண்டு மட்டும் சொன்னன். கைமாத்துக் கணக்கில அது ஒண்டையும் மாத்தாதெண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அது சரி, நீ இருக்கிற வீட்டிலயும் பூட்டியிருக்கெண்டு சொன்னாய். அங்க யூனிற்றுக்கு எவ்வளவு குடுக்கினம்?"

"இஞ்ச வெய்யிலே இல்லை அப்பா" எண்டன்.

பி.கு: உங்கட ஊரில, இருக்கிற நாட்டில மிஞ்சின யூனிற்றுக்கு என்ன விலை போகுது, ஒப்பந்தத்தில எத்தனை வருசம் எண்டு பின்னூட்டத்தில சொல்லுங்கோ, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டோணும். ஒடியல் கூழ் கட்டாயம் அடுத்த பதிவு.